சர்க்கரை 6.2; அப்பாவுக்கு ஏன் வழி மறந்தது?

காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து 44 வயது ஆசிரியை ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 72. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் வந்து 21 ஆண்டுகள் ஆகின்றன. ஒன்றரை ஆண்டுக்கு முன் அம்மா காலமானதும், அதே ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். ரூபாய்க் கட்டை விரலால் தள்ளியே எண்ணிச் சொன்னவர், இப்போது மாதக் கடைசியில் பால் கணக்குப் பார்க்கத் திணறுகிறார். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை விரதமிருந்து பெருமாள் கோயிலுக்குப் போனவர், பதினொன்றரை மணி வெயிலில், வாழ்நாளெல்லாம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நின்றிருக்கிறார். பூக்கார அம்மா ஒருவர் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அடுத்த மாதம் ஒரு விடியற்காலை நான்கு மணிக்கு, சட்டை தொப்பலாக நனைந்திருக்க, சமையலறைத் தரையில் உட்கார்ந்தபடி மகளைப் பார்த்து "நீ யாரம்மா?" என்று கேட்டிருக்கிறார். பதறிப்போன மகள் காபி போட்டுக் கொடுத்தார். அவசரத்தில் சர்க்கரையும் போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் அப்பா பழைய அப்பாவாகிவிட்டார். கெட்ட கனவு என்று எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள்.

சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும், இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், பாத எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் என்று அவர் சாப்பிடுகிறார். கடைசியாகப் பார்த்த இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 6.2. பரிசோதனைக் கூடத்தில் "இந்த வயதில் இப்படி ஒரு கட்டுப்பாடா!" என்று பாராட்டினார்களாம். துபாயில் இருக்கும் தம்பியோ, சர்க்கரைதான் மூளையை அரிக்கிறது, 6-க்குக் கீழே கொண்டுவந்தால் மறதி போய்விடும் என்கிறார். பக்கத்து வீட்டில், மெட்ஃபார்மின்தான் மறதியைக் கொடுக்கிறது, உடனே நிறுத்துங்கள் என்கிறார்கள். இதற்கு நடுவே தம்பி, அப்பாவிடம் பழைய வீட்டுக்கு ஒரு பொது அதிகாரப் பத்திரம் வாங்கி வைத்துவிடலாம் என்று அவசரப்படுத்துகிறார். கடிதம் இப்படி முடிகிறது: "எனக்கும் போன வருடம் பார்டர் சுகர் என்று சொன்னார்கள் டாக்டர். அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது."

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட இடம், நீங்கள் அடிக்கோடிட்ட இடம் இல்லை. வழி மறந்ததற்கும் பால் கணக்குக்கும் அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். அந்த நனைந்த சட்டையை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

நான்கு மணி வியர்வை

விடியற்காலையில் உடல் முழுக்க வியர்வை, ஆள் தெரியாத குழப்பம், சர்க்கரை உள்ளே போனதும் அரை மணியில் தெளிவு. நேரில் பார்க்காமல் நோயைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஆனாலும் இது தாழ்சர்க்கரையாக, மக்கள் வழக்கில் 'லோ சுகர்' ஆக இருக்கத்தான் வாய்ப்பு மிக அதிகம். புரட்டாசிச் சனிக்கிழமையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். விரதம் என்று சாப்பாட்டை விட்டவர், மாத்திரையை விட்டாரா? காலையில் வழக்கம்போல் போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருப்பார் என்று நினைக்கிறேன். வெறும் வயிற்றில் கிளிபென்கிளமைடு, வெயில், நடை. பதினொன்றரை மணிக்கு மூளைக்குத் தீனி தீர்ந்திருக்கும்.

மூளை நம் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு தின்றும் அது ஓர் அன்றாடங்காய்ச்சி. கல்லீரலைப்போலவும் தசையைப்போலவும் சர்க்கரையைச் சேமித்து வைத்துக்கொள்ள அதற்குக் களஞ்சியம் கிடையாது. இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போதே உடல் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கும். 54-க்குக் கீழே போனால் மூளை தடுமாறும். இளைஞர்களுக்கு அந்த மணி கை நடுக்கமாக, படபடப்பாக, அகோரப் பசியாக முதலிலேயே கேட்டுவிடும். 70 வயதைத் தாண்டியவர்களுக்குப் பல நேரம் மணி கேட்பதே இல்லை. நேரடியாகக் குழப்பம், உளறல், எரிந்து விழுதல், தள்ளாட்டம். உங்கள் அப்பா சாப்பிடும் அட்டெனலால் நடுக்கத்தையும் படபடப்பையும் இன்னும் அமுக்கிவிடும். அது அமுக்காத ஒன்று வியர்வை. அதனால்தான் அந்தச் சட்டை எனக்கு அவ்வளவு முக்கியமாகப் பட்டது.

கிளிபென்கிளமைடு பழைய மருந்து, மலிவான மருந்து, பல குடும்பங்களைக் காப்பாற்றிய மருந்தும்கூட. ஆனால் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி நெருக்கிக்கொண்டே இருக்கும். ஒரு மாத்திரையின் வேகம் ஒரு நாள்வரைகூட நீளும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்னும் நீளும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது ஏற்றதில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிடுகிறது. உங்கள் அப்பாவுக்கு 51 வயதில் எழுதிக்கொடுத்தபோது அது சரியான சீட்டாகவே இருந்திருக்கும். அந்தச் சீட்டுக்கு வயதாகவில்லை, அவருக்கு ஆகிவிட்டது. அதே சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிக்கொண்டே இருப்பது நம் ஊர் வழக்கம். இதில் உங்களைமட்டும் குறை சொல்ல முடியாது.

கேட்டதையே கேட்பவர், போட்ட மாத்திரையையே மறுபடி போட மாட்டார் என்று யார் உறுதி சொல்வது? உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், மாத அட்டை நான்கு நாள் முன்னதாகவே தீர்ந்துவிடுகிறது, மருந்துக்கடைக்காரர் குறைத்துக் கொடுக்கிறார்போல என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர்மேல் எனக்குச் சந்தேகமில்லை.

6.2 என்ற எண்

உங்கள் தம்பியின் எண்ணம் இயல்பானதுதான். சர்க்கரை கூடுதலாக இருப்பது மூளைக்குக் கேடு என்றால், எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மருத்துவ உலகமும் அப்படி நினைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளைக்கொண்டு நடந்த 'அக்கார்டு' ஆய்வில், ஒரு பிரிவினருக்குச் சராசரியை 6-க்குக் கீழே கொண்டுவரப் பார்த்தார்கள். அந்தப் பிரிவில் இறப்பு கூடியதால் 2008-இல் அதை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அதே ஆய்வில் ஏறத்தாழ மூவாயிரம் பேரின் நினைவாற்றலையும் தனியே அளந்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. இறுக்கிப் பிடித்தவர்களின் நினைவாற்றல் மற்றவர்களைவிட மேலாக இல்லை.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு செய்தி உண்டு. கலிஃபோர்னியாவில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட முதிய சர்க்கரை நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், தாழ்சர்க்கரையால் மருத்துவமனைவரை போக நேர்ந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வருவது அதிகமாக இருந்தது. எத்தனை முறை போனார்களோ அதற்கேற்ப ஆபத்தும் ஏறியது. இதில் எது முன், எது பின் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தாழ்சர்க்கரை மூளையைக் கெடுக்கிறது; மூளை கெடத் தொடங்கியவர் மாத்திரையிலும் சாப்பாட்டிலும் தவறு செய்து தாழ்சர்க்கரைக்குப் போகிறார். இரண்டும் நடக்கும், ஒன்றையொன்று வளர்க்கும்.

6.2 என்பது சராசரி. அப்பாவிடமே கேளுங்கள், நன்றாகப் புரிந்துகொள்வார்: மாலையில் கணக்கு நேராகிவிட்டது என்பதற்காக, மதியம் ஒரு மணிக்குப் பெட்டி காலியாக இருக்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா? விடியற்காலை 50, சாப்பாட்டுக்குப் பின் 230 என்று ஏறி இறங்குகிறவருக்கும் சராசரி அழகாக வந்து நிற்கும். மறதி தொடங்கிவிட்ட முதியவர்களுக்கு 8-க்குக் கீழே இருந்தால் போதும் என்பது இன்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் அளவு. உங்கள் அப்பா என் நோயாளியாக இருந்தால் 7.5-க்கும் 8-க்கும் இடையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவேன். இதைச் சாக்காக வைத்து 9, 10 என்று ஏறவிடவும் கூடாது. அப்போது இரவெல்லாம் சிறுநீர், நீர் வற்றல், கிருமித் தொற்று, அதன் விளைவாக வேறொரு குழப்பம் என்று அது தனிக் கதையாகிவிடும்.

சர்க்கரை மூளையை எப்படித் தொடுகிறது

இவ்வளவு சொன்னதால், மறதிக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. தொடர்பு உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதில் இரத்தக்குழாய் பாதிப்பால் வரும் வகைக்கு அதைவிடவும் கூடுதல்.

கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் மயிரிழை போன்ற குழாய்களைச் சர்க்கரை எப்படிக் கெடுக்கிறதோ, அப்படியே மூளையின் ஆழத்தில் இருக்கும் நுண்குழாய்களையும் கெடுக்கிறது. பக்கவாதம் என்று யாரும் கவனிக்காத அளவுக்குச் சின்னச் சின்ன அடைப்புகள். கையும் காலும் நன்றாகவே இருக்கும்; யோசனையின் வேகம் மட்டும் குறையும். இந்த வகையில் முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் நினைவு இல்லை. திட்டமிடுவது, கணக்குப் போடுவது, ஒரே நேரத்தில் இரண்டு காரியம் பார்ப்பது. காசாளருக்குப் பால் கணக்குத் தடுமாறுவதை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். இது போக, மூளையின் செல்களும் இன்சுலினின் சொல்லைக் கேட்காமல் போவதுண்டு. டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை வெட்டி அகற்றும் நொதிகளில் ஒன்று, இன்சுலினையும் வெட்டுகிற நொதியே. இந்த உறவை வைத்து அல்சைமரை 'மூன்றாம் வகைச் சர்க்கரை நோய்' என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி ஒரு நோயை எந்த மருத்துவ வகைப்பாடும் ஏற்கவில்லை. யாராவது அந்தப் பெயரைச் சொல்லி மருந்து விற்றால் கதவைச் சாத்திவிடுங்கள்.

ஆக, உங்கள் அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கியிருக்கலாம். அதன்மேல் தாழ்சர்க்கரையும் சேர்ந்திருக்கலாம். அல்லது இரண்டாவது மட்டுமே இருக்கலாம். சீட்டைத் திருத்திச் சில வாரம் பார்க்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அம்மா இருந்தவரை ஒன்றும் இல்லை, அம்மா போன துக்கத்தில்தான் இப்படி ஆனார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பாதி சரி. துக்கமும் மனச்சோர்வும் முதியவர்களிடம் மறதியின் வேடத்தில் வரும். மற்றொரு பாதியை நான் இத்தனை ஆண்டுகளில் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். தட்டில் சாப்பாடு, தட்டின் ஓரத்தில் மாத்திரை, 'இன்றைக்கு என்ன கிழமை?' என்ற கேள்விக்கு அடுப்படியிலிருந்தே பதில், என்று மனைவி உயிரோடு இருந்தவரை அவர்தான் கணவரின் ஞாபகமாக இருந்திருப்பார். அவர் போன பிறகுதான் ஓட்டை வெளியே தெரியும். உங்கள் அம்மா எத்தனை நாள் இதைத் தாங்கிக்கொண்டு உங்களிடம் சொல்லாமல் இருந்தாரோ.

மெட்ஃபார்மின் மீதான பழி

பக்கத்து வீட்டு ஆலோசனை முழுப் பொய்யில்லை, அதனாலேயே ஆபத்தானது. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடும்போது குடல் வைட்டமின் பி12-ஐ உறிஞ்சுவது குறைகிறது. பி12 குறைந்தால் மறதி வரும், மனச்சோர்வு வரும், பாதம் எரியும், நடை தள்ளாடும். மீன், முட்டை, இறைச்சி தொடாத வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். வாய்ப்பு இன்னும் கூடுதல். ஆகவே செய்ய வேண்டியது பி12 அளவைப் பார்ப்பது. குறைந்திருந்தால் ஊசியாகவோ மாத்திரையாகவோ ஈடுசெய்வது. சிறுநீரகம் சரியாக இருக்கும்வரை மெட்ஃபார்மின் நல்ல தோழன். அது தனியாகத் தாழ்சர்க்கரையைக் கொடுப்பது அரிது.

உங்கள் வீட்டில் வேடிக்கை என்னவென்றால், 'மெட்ஃபார்மின்' என்று நீங்கள் எல்லோரும் பெயர் சொல்லித் திட்டும் மாத்திரைக்குள் கிளிபென்கிளமைடும் இருக்கிறது. பழி ஒருவர்மேல், காரியம் மற்றவருடையது. அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

பாத எரிச்சலுக்கான அமிட்ரிப்டிலினையும் விட்டுவிடக் கூடாது. எரிச்சலுக்கு அது கேட்கும்; ஆனால் ஞாபகத்துக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை அது தடுக்கிறது. வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் தேங்குதல், பகலில் மந்தம், குழப்பம் எல்லாம் முதியவர்களிடம் அதன் கைவரிசை. மூக்கொழுகலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் பழைய வகைச் சளி மாத்திரைகளும் இதே இனம்தான். சர்க்கரைக்கு ஒரு மருத்துவர், நரம்புக்கு வேறொருவர் என்று போகும்போது இருவருடைய சீட்டையும் சேர்த்துப் படிக்க ஆள் இல்லாமல் போகிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

நாளைக்கே உங்கள் சர்க்கரை மருத்துவரைப் பாருங்கள். "விடியற்காலையில் வியர்த்து, ஆள் தெரியாமல் இருந்தார்" என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள், 6.2-ஐப் பிறகு காட்டுங்கள். மாற்றிச் செய்தால் பாராட்டு வாங்கிக்கொண்டு அதே சீட்டோடு திரும்பி வருவீர்கள். கிளிபென்கிளமைடுக்குப் பதிலாகத் தாழ்சர்க்கரை அதிகம் தராத மருந்துகள், உதாரணமாக லினாகிளிப்டின், சிட்டாகிளிப்டின் போன்றவை, இப்போது எளிய விலையிலேயே கிடைக்கின்றன. எதை, எவ்வளவு என்பதை அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக எல்லா மாத்திரையையும் நிறுத்தவும் வேண்டாம். சாப்பாடு இல்லாமல் அந்தக் கிளிபென்கிளமைடு மாத்திரை மட்டும் இனி உள்ளே போகவே கூடாது. விரத நாளானாலும் சரி, வாந்தி பேதி நாளானாலும் சரி.

குளுக்கோமீட்டர் வாங்குங்கள். காலை வெறும் வயிற்றில், மதியச் சாப்பாட்டுக்கு முன், இரவு படுக்கும்போது, இரண்டு மூன்று நாட்கள் விடியற்காலை மூன்று மணிக்கும் பாருங்கள். நடத்தையில் எந்த மாற்றம் தெரிந்தாலும், கோபமானாலும்கூட, முதலில் விரல் நுனியில் ஒரு சொட்டு.

70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் மறுபடி கொடுங்கள். ஏறிய பிறகு இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிடச் செய்ய வேண்டும். வோக்லிபோஸ் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை உடனே கேட்காது, குளுக்கோஸ் பொடியேதான் வேண்டும். அதனால் எல்லோருக்கும் குளுக்கோஸ் என்றே பழகிவிடுவது நல்லது. நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். கிளிபென்கிளமைடு சாப்பிட்டவருக்கு ஒரு முறை தெளிந்தாலும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கக்கூடும். ஆகவே அன்று ஒரு நாள் மருத்துவமனைக் கண்காணிப்பில் இருப்பதே பாதுகாப்பு.

மாத்திரைப் பொறுப்பை உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிழமை எழுதிய ஏழு அறை டப்பா போதும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை மாதாமாதம் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது; உங்கள் பகுதிச் சுகாதார ஊழியரிடம் பதிவு செய்யலாம்.

பரிசோதனை என்றால் தம்பி எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தொடங்குகிறார். அதற்கும் ஒரு நாள் வரும். அதற்கு முன் பி12, தைராய்டு, கிரியாட்டினின், சோடியம், இரத்தச் சோகை, சிறுநீரில் கிருமி ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். தைராய்டு குறைவும் சோடியம் குறைவும் அச்சு அசல் டிமென்ஷியாவைப்போல நடிக்கும். டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைக்கிறார் என்கிறீர்கள், காதுகளைப் பரிசோதியுங்கள். 2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் குழு வெளியிட்ட அறிக்கை, டிமென்ஷியாவுக்குக் காரணமாகி, நம்மால் மாற்றக்கூடியவை என்று 14-ஐப் பட்டியலிடுகிறது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை ஆகியவற்றோடு காது கேளாமையும் பார்வைக் குறைவும் தனிமையும் அதில் உண்டு. சீட்டு திருந்திச் சுமார் இரண்டு மாதம் கழித்து, முதியோர் நல மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ நினைவாற்றல் சோதனை செய்யுங்கள். இப்போதே செய்தால் நோயைச் சோதிக்கிறோமா, மாத்திரையைச் சோதிக்கிறோமா என்று தெரியாது.

நினைவாற்றலுக்கு டானிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வல்லாரைத் துவையல் அப்பாவுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாகச் செய்து போடுங்கள், ருசிக்காக. தம்பி சொல்லும் செமாகுளுடைடு என்ற சர்க்கரை மாத்திரையும் இப்போதைக்கு வேண்டாம். ஆரம்ப நிலை அல்சைமரில் அதைச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகளும், நோயின் ஓட்டத்தை அது தடுக்கவில்லை என்று 2025 நவம்பரில் கைவிரித்துவிட்டன. ஏற்கெனவே ஆறு கிலோ இளைத்திருப்பவருக்கு, பசியைக் குறைக்கும் மருந்து எதற்கு? ஓரளவு சான்று தருவது, பின்லாந்தில் 1,260 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த 'ஃபிங்கர்' ஆய்வு. நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலானவற்றில் கண்காணிப்பு, நான்கையும் சேர்த்துச் செய்தவர்களின் மூளைத் திறன் மற்றவர்களைவிட மேலாக நின்றது. பின்லாந்து உணவு நமக்கு எதற்கு. மாலை நடைக்கு ஒரு துணை, கீரையும் பயறும், பேச நாலு பேர், இவற்றில் தொடங்கலாம்.

வீடும் கையெழுத்தும்

இது வழக்கறிஞர் சொல்ல வேண்டியது. மருத்துவராக என் பங்கை மட்டும் சொல்கிறேன். கேட்டதையே கேட்பதால் ஒருவர் தன் சொத்தைப் பற்றி முடிவெடுக்கத் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை. மறுபுறம், சர்க்கரை 50-இல் இருக்கும்போது போட்ட கையெழுத்துக்கு மனச்சாட்சிப்படியும் சட்டப்படியும் மதிப்பில்லை. பொது அதிகாரப் பத்திரம் எழுதி வைத்துவிட்டால் பின்னால் கவலையில்லை என்று தம்பி நினைக்கிறார். எழுதிக்கொடுத்தவர் மனநிலை தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துபோகும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எந்த நாளுக்காக அவர் இதை வாங்கப் பார்க்கிறாரோ அந்த நாளில் அது உதவாது. அப்பா தெளிவாக இருக்கும்போது உயில் எழுத விரும்பினால், அன்றைய தேதியில் மருத்துவச் சான்றோடு எழுதட்டும். சொத்தை எழுதிக்கொடுப்பதானால், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பராமரிப்புத் தவறினால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அதை ரத்து செய்யக் கேட்க இடமிருக்கும். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. இரண்டு மாதம் பொறுத்திருக்கச் சொல்லித் தம்பிக்கு என் பெயரைச் சொல்லியே எழுதலாம். பழைய வீடு அதற்குள் எங்கும் ஓடிப்போகாது.

உங்களுக்கு

அப்பாவின் மறதி உங்களுக்கு எழுதி வைத்த விதி என்று நினைக்கிறீர்கள். அவருக்கு என்ன வகை மறதி என்றே இன்னும் தெரியாது, அதற்குள் நீங்கள் உங்களுக்கும் அதை எழுதிக்கொண்டுவிட்டீர்கள். இலண்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2021-இல் சொன்னது இது: 70 வயதில் இருப்பவர்களில், சர்க்கரை நோய் வந்து பத்தாண்டு தாண்டியவர்களுக்கு, அந்த நோயே இல்லாதவர்களைவிட டிமென்ஷியா வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. பிந்தி வந்தவர்களுக்கு அவ்வளவு இல்லை. உங்களுக்கு இன்னும் வரவே இல்லை. பார்டர் நிலையில் இருந்த 531 பேரைக்கொண்டு சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியதாலேயே மூன்றாண்டில் நோயாக முற்றுவது 28 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அப்பாவோடு மாலையில் நடக்கத் துணை வேண்டும் என்றேனே, அது நீங்களாகவே இருக்கலாம்.

அப்பாவிடம் இதையெல்லாம் மறைக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். விடியற்காலையில் நடந்ததைப் பற்றி அவருக்கும் உள்ளூரப் பயம் இருக்கும். மாத்திரை கொஞ்சம் அதிகமாகிவிட்டது அப்பா, டாக்டரிடம் சொல்லிக் குறைக்கப்போகிறோம் என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. குளுக்கோமீட்டர் அளவுகளை எழுத நீளவாக்கில் ஒரு நோட்டு வாங்கி அவரிடமே கொடுங்கள். தேதி, நேரம், அளவு, சாப்பிட்டது என்று நான்கு பத்தி போட்டு எழுதட்டும். எண் தவறினால் பால்காரர் முன்னால் திருத்த வேண்டாம். மீட்டரில் பதிந்திருக்கும், இரவில் நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும், வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அமிட்ரிப்டிலின் அட்டை அவருடைய தலையணைக்குக் கீழே இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள்.